ஓரத்தில் எழுதிய வரி

அன்புள்ள கண்ணு,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ மகனா மகளா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பதினேழு வயது. பாப்பிரெட்டிப்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. இருந்தாலும், உனக்கு இருபத்தைந்து வயதாகும்போது படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். போன வாரம் சின்னம்மாவுக்காக நான் பரிந்து பேசியபோது அம்மா, "நீயும் ஒரு புள்ளயப் பெத்து வளத்துப் பாரு, அப்பத் தெரியும்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதை யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பெற்றபின் தெரியவருவது நிறைய இருக்கும். அதற்குள் மறந்துபோவதும் கொஞ்சம் இருக்கும் போலிருக்கிறது. மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு தொடர்கதை. வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு வரும் வாரப் பத்திரிகையில் ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. ஒரே தெருவில் வளர்ந்த ஓர் ஆணும் பெண்ணும். அவன் ரேடியோ ரிப்பேர் செய்பவன், அவள் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். இருபது வருஷ சிநேகிதம். அவனுக்காக அவள் பெண் பார்க்கப் போகிறாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி அவன் ஊர் ஊராக விசாரித்துச் சொல்கிறான். எதுவும் அமையவில்லை. அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பதினோரு நாள் வந்து, வாசற்படியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்து வைத்துவிட்டுப் போகிறான். கடைசி வாரத்தில் இரண்டு பேரும் கடைவீதிக்குப் போய் ஒரு பூட்டு வாங்குகிறார்கள். கடைக்காரர் இரண்டு சாவி கொடுக்கிறார். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எனக்குப் பெரிய ஏமாற்றம். காதல் என்ற சொல் ஒரு வாரத்தில்கூட வரவில்லையே என்று சின்னம்மாவிடம் சண்டை போட்டேன். "உனக்கு மைக் வச்சிச் சொல்லணுமா?" என்று சிரித்தாள்.

சின்னம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தங்கை, பெயர் வசந்தா. அவர்களுடைய பெற்றோர் போனபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வயது முப்பத்தொன்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுக்கிறாள். கூடவே மாதையன் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னம்மாவும் அவரும் அதே இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து லோயர் பாஸ் பண்ணியவர்கள். பிறகு அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்துச் சித்தேரி மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை காலையில் இறங்கி வருவார். எங்கள் வீட்டில் சாப்பிடுவார், அப்பாவோடு பேப்பர் பார்த்துப் பேசுவார், மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடுவார். மலையில் பத்திரிகை கிடைக்காது. அதனால் அந்த வார இதழை நான் முதலில் படித்து, சின்னம்மா அடுத்துப் படித்து, சனிக்கிழமை அவரிடம் போகும். அடுத்த சனிக்கிழமை திரும்பி வரும்; சில இதழ்கள் இன்னொரு தடவையும் போய்வரும். வந்ததும் சின்னம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வாள்.

கதை முடிந்த வாரத்தில் சின்னம்மாவுக்கு மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வரன் வந்தது. தக்காளி, பீன்ஸ் எல்லாம் ஓசூருக்கு ஏற்றி அனுப்பும் காய்கறி மண்டிக் குடும்பம். நல்லவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் போகிறவளுக்கு நான் என்ன கொடுப்பது என்று யோசித்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. டிரங்குப் பெட்டியிலுள்ள தொடர்கதையைப் பைண்டிங் செய்து, அட்டை போட்டு, சொல்லாமல் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும்.

சின்னம்மா வேலைக்குப் போயிருந்தபோது அந்தத் தாள்கட்டை வெளியே எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கங்களின் ஓரமெல்லாம் எழுத்து. சின்னம்மாவின் நீல மை, மாதையன் சார் நோட்டுத் திருத்தும் சிவப்புப் பென்சில். எனக்கு அதிர்ச்சி. புத்தகத்தில் எழுதுவது எனக்கு ஆகாது. நூலகத்தில் யாராவது அடிக்கோடு போட்டிருந்தால்கூட ரப்பர் எடுத்துக்கொண்டு போய் அழிக்கிறவள் நான். இருந்தாலும் கொஞ்சம் படித்தேன். ஆரம்ப வாரங்களில் சிவப்புப் பென்சில், "இவனுக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நீல மை, "இன்னும் இல்லை. அவசரப்படாதீங்க." ஆரஞ்சு உரிக்கும் வாரத்தில், "இப்பவாவது ஒத்துக்குவீங்களா?" என்று சிவப்பு. "காய்ச்சல்காரிக்குப் பழம் கொடுத்தா அதுக்குப் பேரு அனுதாபம்" என்று நீலம். "பதினோரு நாளா?" என்று சிவப்பு. அதற்குப் பதில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பெரிய ஆட்கள் கதையில் வரும் ஆட்களுக்காக இப்படி வம்பு பேசுகிறார்களே என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிறையப் படிக்கிறவர்களுக்கு எல்லாம் புரியும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

பெண் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை. காலையில் என்னைப் பூவும் பழமும் வாங்க பஸ் நிலையத்துக்கு அனுப்பினார்கள். மாதையன் சார் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார், கையில் அந்தக் கடைசி வார இதழ். "என்னா கண்ணு, இவ்ளோ பூவு?" என்றார். "இன்னைக்கி வூட்டுல சின்னம்மாவப் பொண்ணு பாக்க வர்றாங்க சார், மாரண்டஹள்ளியில இருந்து" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். டீ சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏதோ எழுதினார். பிறகு இதழை மடித்து என்னிடம் நீட்டினார். "சின்னம்மா கையில குடுத்துடும்மா. மறந்துடாத." "நீங்க வரலீங்களா சார்?" "இன்னொரு நாளைக்கி வர்றேன். இன்னைக்கி விருந்தாளுங்க இருப்பாங்க." வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் மறக்கவில்லை, கண்ணு. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். எனக்குத் தேவைப்பட்ட கடைசி வாரம் கைக்கு வந்துவிட்டதே என்று சந்தோஷமாக என் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். புத்தகமாகச் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவும் இல்லை. மறுநாள் தருமபுரிக்குப் போய், பள்ளி நோட்டுகளுக்கு அட்டை கட்டும் ஒரு பாயிடம் கட்டைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகத் தட்டி அடுக்கிக்கொண்டே, "ஓரத்துல எழுத்து இருக்குதே பாப்பா. மிஷின்ல வெச்சா ஓரம் போயிடும். வெட்டட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி இப்போதும் என் காதில் கேட்கிறது. "வெட்டிடுங்க பாய். புத்தகம் சுத்தமா இருக்கட்டும்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மாதையன் சார் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. சின்னம்மா இரண்டு நாளும் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து சீக்கிரம் வந்து, சோறு ஆறும் வரை காத்திருந்து, பிறகு தனியாகச் சாப்பிட்டாள். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் போய், "மாரண்டஹள்ளிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுங்க மாமா" என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெற்றிலை மாற்ற நாள் குறித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். புத்தகம் அதற்குள் வந்துவிடும் அல்லவா.

வந்தது. பச்சை காலிகோத் துணி ஒட்டிய முதுகு, பளிங்கு மாதிரி வரிவரியான அட்டை, மூன்று பக்கமும் கத்தி போட்டு வெட்டிய வழவழப்பு. சின்னம்மா அதைப் பார்த்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு பிரித்தாள். இரண்டு பக்கம் திருப்பியதும் அவள் கட்டைவிரல் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அங்கே எழுத்துகளின் பாதியும் காலும் மட்டும் இருந்தன.

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான் சின்னம்மா. கிறுக்கலா இருந்துச்சு."

அவள் திருப்பிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள். பக்கம் முழுக்க ஓரத்தோடு ஒட்டிச் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. "இது எப்பத் திரும்பி வந்துச்சு? எங்கிட்ட வரவே இல்லியே."

பெண் பார்க்க வந்த நாளில் பஸ் நிலையத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. டீ சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தது, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது, இரண்டு சனிக்கிழமை வராதது. சின்னம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அவரு நான் படிச்சிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. தருமபுரிக்கு பஸ் ஏறினேன். பாய் கடையில் வெட்டிய ஓரங்களை ஒரு கோணிப்பையில் போட்டு வைத்திருப்பார்கள். வளையல் கடைக்காரர்கள் பெட்டிக்குள் மெத்தையாகப் போட வாங்கிப் போவார்கள். பாதிப் பை போய்விட்டிருந்தது. மீதியைத் தரையில் கொட்டினார். சேமியா மாதிரி நூல்நூலாகக் காகிதம். "செவப்புன்னா தனியாத் தெரியும், பாரு" என்று அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னோடு உட்கார்ந்தார். வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் தேடினார். "நான் ரெண்டாந்தரம் கேட்டிருக்கணும். படிக்கிற புள்ள சொல்லுதேன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கைப்பிடி கிடைத்தது. கடைசிப் பக்கத்து நறுக்கு அதில் இல்லை.

அந்தக் கைப்பிடியைத் தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து சின்னம்மாவிடம் கொடுத்தேன். ஒட்டிப் பார்க்கலாமா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாமா என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னம்மா பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "துண்ட வெச்சிக்கிட்டு என்ன புள்ள பண்றது. எழுதுன ஆளு இருக்காரில்ல? போயிக் கேட்டா ஆச்சு." இவ்வளவு எளிமையான ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்தக் கதையிலும் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் கதை அடுத்த வாரமே முடிந்துவிடும் என்பதால் இருக்கலாம். நீ கதை நிறையப் படி. ஆனால் கேட்க வேண்டியதை வாயைத் திறந்து கேள்.

அம்மாவிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மலைக்குப் போனோம். பஸ் விட்ட இடத்திலிருந்து மேலே வெகுதூரம் நடை. இரண்டு பக்கமும் சாமையும் தினையும் கதிர் விட்டிருந்தன. பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை, ஒரு தாழ்வாரம். உள்ளே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மாதையன் சார் சாக்பீஸை வைக்கக்கூட மறந்து வெளியே வந்தார். வாய்ப்பாடு நின்றுவிட்டது. "நிறுத்தாதீங்க, சொல்லுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அதனால் அவர்கள் பேசியது முழுக்க ஏழாம் வாய்ப்பாட்டின் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்குக் கேட்டது.

"கடைசி வாரத்துல என்னா எழுதுனீங்க?" என்றாள் சின்னம்மா.

"படிக்கலியா?"

"இவ வெட்டிட்டா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினார். "கத முடிஞ்சிபோச்சு. இனிமே சனிக்கெழம நான் எதுக்கு வர்றது, நீங்கதான் சொல்லணும்னு எழுதியிருந்தேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் எடம் இருந்துச்சு."

சின்னம்மா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்தில் வருவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்க மாமாகிட்ட வந்து பேசுங்க. அதுக்கு வாங்க" என்றாள். "நாங்க வேற ஆளுங்க, வசந்தா. அவரு சம்மதிப்பாரா?" என்றார் அவர். "மொதல்ல நான் பேசறேன். நீங்க இப்பப் போயிப் பாடம் நடத்துங்க. ஏழேழு நாப்பத்தெட்டுங்குதுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது நான் சின்னம்மாவிடம், கதையில் எந்த வாரத்தில் சிநேகிதம் காதலாக மாறியது என்று கேட்டேன். படித்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. உங்களுக்கு எந்த வருஷத்தில் என்றும் கேட்டேன். அவள் நடந்துகொண்டே, "தெரியலியே புள்ள. சனிக்கெழம அவரு வராதப்பதான் இருக்குதுன்னே தெரிஞ்சிது" என்றாள். அப்போதுதான் அந்தக் கதையின் மேல் எனக்கிருந்த வருத்தம் போனது. எழுதியவர் அந்த வாரத்தை ஒளித்து வைக்கவில்லை. அப்படி ஒரு வாரம் கிடையாது. சோறு வேகும்போது எந்த நிமிஷத்தில் வெந்தது என்று யாராலும் சொல்ல முடியாதே, அது போலத்தான். ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். எல்லா சிநேகிதமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்காதே. சிநேகிதமாகவே இருந்து முடிந்தாலும் அது குறைப்பட்டது ஆகாது. ஆனால் மாறியிருப்பது தெரிந்தபிறகு, தெரியாத மாதிரி இன்னொருவரோடு வெற்றிலை மாற்றாதே. அது மூன்று பேருக்குச் செய்யும் தப்பு.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா கத்துகிறவர் இல்லை. அன்றைக்குக் கத்தினார். "வாக்குக் குடுத்துட்டு எப்புடிம்மா நான் போயி நிக்கிறது? அதும் இல்லாம, அவங்க என்னா ஆளுங்கன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"பதினோரு வருசமா நம்ம வூட்டுலதான சாப்புடறாரு மாமா. ஒரு நாளாச்சும் நீங்க அதக் கேட்டீங்களா?" என்றாள் சின்னம்மா.

நான் குறுக்கே புகுந்து, தப்பு என்னுடையது, அந்த வரியை நான் வெட்டாமல் இருந்திருந்தால் வாக்கே கொடுத்திருக்க வேண்டியதில்லை என்றேன். அப்போதுதான் அம்மா என்மேல் பாய்ந்தாள், "நீயும் ஒரு புள்ளயப் பெத்து வளத்துப் பாரு" என்று. ஆனால் அன்று அம்மா சொன்னது அது ஒன்று மட்டும் இல்லை. அப்பா எழுந்து வெளியே போனபிறகு சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சனிக்கெழமன்னா நீ தல வாரிக்கறதே வேற மாதிரி. நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன். நீ சரின்னுட்ட" என்றாள். சின்னம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தெரிந்தும் அம்மா ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று பயந்திருப்பாள். நானும் உன் விஷயத்தில் அப்படிப் பயப்படலாம். பயந்தால், அது உன்மேல் பிரியம் இல்லாததால் என்று எடுத்துக்கொள்ளாதே. நீயே ஆரம்பித்துவிடு.

அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு தனியாக மாரண்டஹள்ளிக்குப் போனார். அன்று முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என்ன பேச்சு வாங்கப்போகிறாரோ, வழியிலேயே மனசு மாறித் திரும்பிவிடுவாரோ என்று நான் பத்து தடவை தெருமுனைக்குப் போய்வந்தேன். சாயங்காலம் வந்தார், கையில் ஒரு பெரிய சாக்குப்பை. பிரித்தால் பீன்ஸும் தக்காளியும். அம்மா மிரண்டுபோய், "என்னாங்க இது?" என்றாள்.

"நான் போயிச் சொன்னதும் பையனோட அப்பா கணக்கு நோட்ட மூடி வெச்சாரு. அப்புறம், வெத்தல மாத்தறதுக்கு முன்னாடி நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லதுன்னாரு. கெளம்பறப்ப இதத் தூக்கிக் குடுக்கறாரு. வேணாங்கன்னேன். மண்டிக்கு வந்தவங்க வெறுங்கையோட போனா எங்களுக்கு ஆவாதுன்னுட்டாரு." அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த மனுசன் முன்னாடி எனக்கு வெக்கமாப் போச்சு. அவரு, வாத்தியாரு என்னா ஆளுங்கன்னுகூடக் கேக்கல. நான் நம்ம வூட்டுப் பொண்ணுகிட்ட மொதல்ல கேட்டதே அதத்தான்."

அவர் முழுசாகச் சம்மதித்துவிட்டார் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். சொந்தக்காரர்கள் இன்னும் வரவேண்டியிருக்கிறது, பேசவேண்டியிருக்கிறது. அப்பாவின் அண்ணன் என்ன சொல்வாரோ என்று அம்மாவுக்கு நடுக்கம். ஆனால் இன்று காலை அப்பா ஒரு போஸ்ட் கார்டு எடுத்துவந்து, "நீதான் நல்லா எழுதுவ, எழுது" என்று என்னை உட்காரவைத்தார். மாதையன் சாருக்கு. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வரவும் என்று அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். விலாசம் எழுதி நீட்டினேன். அப்பா படித்துப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, அடியில் மிச்சமிருந்த இடத்தில் தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

"தங்கள் தாய் தந்தையரையும் அழைத்து வரவும்."

நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். இந்தத் தடவை பள்ளிப் பைக்குள் வைத்துக்கொள்ளவில்லை.

உன் அம்மா,
இப்போதைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு.